மாதச் சம்பளத்தில் ஹாம்லெட்: ஜெர்மன் மேடை நடிகரின் தொழில்பாதை

ஜெர்மனியில் மேடை நடிகர் என்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். ஏதாவது ஒரு நகரத்தின் நாடக அரங்கில் அவருக்கு வேலை இருக்கும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக மீதி மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். ஆண்டுக்கு 45 நாள் விடுமுறை உண்டு. அவர் நடிக்கும் அரங்கை நகராட்சியோ மாநில அரசோ நடத்தும். இப்படிப் பொதுப்பணத்தில் நடக்கும் அரங்குகள் அந்த நாட்டில் சுமார் 140. அவற்றுக்கு அரசுகள் ஆண்டுதோறும் 200 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்கின்றன. ஏறத்தாழ 25,000 பேர் மட்டுமே வாழும் மைனிங்கன் என்ற ஊரில்கூடச் சொந்த நடிகர் குழுவும் இசைக்குழுவும் கொண்ட முழுநேர அரங்கு இயங்குகிறது. உலகில் பல நாடுகளில் நடிகர் ஒரு நாடகத்துக்கு ஒப்பந்தமாவார். அது முடிந்ததும் அடுத்த வாய்ப்பைத் தேடிக் கிளம்புவார். ஜெர்மன் நடிகர் ஒரு குழுவில் சேர்கிறார், பல ஆண்டுகள் அதிலேயே இருந்து பத்து, இருபது, முப்பது வேடங்கள் ஏற்கிறார். அவருடைய தொழிலின் நிம்மதி, அச்சம் இரண்டும் இந்த ஏற்பாட்டில்தான் அடங்கியிருக்கின்றன.

இந்த ஏற்பாடு மன்னர் காலத்திலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. நடிகர்கள் வண்டி கட்டிக்கொண்டு சந்தைக்குச் சந்தை போய்க் கொட்டகை போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் அவர்களை மதிக்கவில்லை. 1775இல் கோத்தா சிற்றரசின் அரண்மனையில், கான்ராட் எக்ஹோஃப் என்ற மூத்த நடிகரை முன்னிறுத்தி, நிரந்தரச் சம்பளம் பெறும் குழு ஒன்று தொடங்கியது. ஈராண்டு கழித்து, பாதிரியாராக வேண்டும் என்ற தந்தையின் விருப்பத்தை மீறி ஹனோவரிலிருந்து ஓடிவந்த ஆகஸ்ட் வில்ஹெல்ம் இஃப்லாண்ட் அதில் சேர்ந்தார். எக்ஹோஃப் இறந்து கோத்தா அரங்கு மூடப்பட்டபோது அவர் மற்ற நடிகர்களோடு மன்ஹைம் நகருக்குப் போனார். அங்கே 1782 ஜனவரி 13 அன்று ஷில்லரின் ‘கொள்ளையர்’ நாடகம் முதன்முதலாக மேடையேறியது. அதில் கொடிய தம்பியான ஃபிரான்ஸ் மோர் வேடம் இஃப்லாண்டுக்குக் கிடைத்தது. அந்த ஓர் இரவில் அவர் பெயர் ஜெர்மன் நிலமெங்கும் பரவியது. 1796இல் அவர் பெர்லின் தேசிய அரங்கின் தலைவரானார். சிறிய ஊரில் தொடக்கம், கூட்டாளிகளோடு இடமாற்றம், பேர் சொல்லும் ஒரு வேடம், பிறகு தலைநகரம் என்ற வரிசையை இன்றைய நடிகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளிலும் அப்படியே பார்க்கலாம்.

குழுவே முதன்மை என்ற எண்ணத்தை ஆழப் பதித்தவர் மைனிங்கன் சிற்றரசர் இரண்டாம் கியார்க். அவருடைய குழு 1874 முதல் 1890 வரை ஐரோப்பிய நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளை நடத்தியது. அதில் இன்று நாயகனாக நின்றவர் நாளை கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும், மறுக்க இடமில்லை. மாஸ்கோவில் அந்தக் குழுவைப் பார்த்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பின்னாளில் தம் அரங்கை அமைத்தபோது அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

ஆனால் அரசவைச் சம்பளத்தோடு உரிமைகள் வந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் நடிகையர் பல அரங்குகளில் மேடை உடைகளைத் தங்கள் காசிலேயே தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிடைத்த சம்பளம் அந்த உடைக்கே போதவில்லை. அரங்குகளை நடத்தியவர்கள் 1846லேயே தமக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். நடிகர்களுக்குச் சங்கம் 1871இல் வைமார் நகரில்தான் பிறந்தது. முதல் உலகப்போர் முடிந்து 1918இல் முடியாட்சி விழுந்ததும் அரசவை அரங்குகள் மாநில, நகர அரங்குகளாயின. மறு ஆண்டே இரு சங்கங்களும் நாடு முழுவதற்குமான பொது ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. இன்று நடைமுறையில் இருப்பது அதன் வழித்தோன்றலாக 2003இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தம். இன்றைய நடிகரின் வேலை நேரம், விடுப்பு, சம்பளம், வேலைநீக்கம் எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டப் புத்தகம்.

நடிகராகும் வழி நடிப்புப் பள்ளியில் தொடங்குகிறது. பெர்லினில் உள்ள ‘எர்ன்ஸ்ட் புஷ்’ பள்ளி, இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் 1905இல் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி. மியூனிக்கில் ‘ஓட்டோ ஃபால்கன்பெர்க்’ பள்ளி. லைப்சிக், எசன், ஹாம்பர்க், ஷ்டுட்கார்ட் போன்ற நகரங்களிலும் அரசுப் பள்ளிகள் உண்டு. ஆஸ்திரியாவின் வியன்னா, சுவிட்சர்லாந்தின் சூரிக் பள்ளிகளும் இதே வட்டத்தைச் சேர்ந்தவை. மூன்று நாடுகளின் மேடையும் நடிகரின் கண்ணில் ஒன்றுதான். இடங்கள் மிகக் குறைவு. ஒரு பள்ளிக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரத்தையும் தாண்டி விண்ணப்பங்கள் வரும். எடுக்கப்படுபவர்கள் பத்திலிருந்து இருபது, இருபத்தைந்து பேர். பழைய நாடகம் ஒன்றிலிருந்து ஒரு பகுதி, புதிய நாடகம் ஒன்றிலிருந்து ஒரு பகுதி, ஒரு பாட்டு என்று தயாரித்து வந்து நடித்துக் காட்ட வேண்டும். முதல் சுற்றில் சில நிமிடங்களிலேயே முடிவு தெரிந்துவிடும். பத்துப் பள்ளிகளில் ஏறி இறங்கி மூன்றாம் ஆண்டில் இடம் பிடித்தவர்கள் உண்டு; அவர்களில் சிலர் பின்னாளில் பெரிய நடிகர்களாக நின்றிருக்கிறார்கள்.

இடம் கிடைத்தால் நான்காண்டுப் படிப்பு. அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் கிடையாது. குரல், மூச்சு, உடல், வாள்வீச்சு, பாட்டு, காட்சிப் பயிற்சி என்று காலையிலிருந்து இரவுவரை வகுப்பு நடக்கும். இவற்றில் அதிக நேரம் எடுப்பது உச்சரிப்பு. பவேரியாவின் ஜெர்மனும் சாக்சனியின் ஜெர்மனும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். 1898இல் தியோடர் சீப்ஸ் என்ற அறிஞர் மேடைக்கான உச்சரிப்பை நூலாக வகுத்தார்; பல தலைமுறைகளுக்கு நாடு முழுவதும் திருத்தமான ஜெர்மன் என்று கருதப்பட்டது அந்த மேடை ஜெர்மன்தான். மாணவர்கள் பல்லிடுக்கில் கார்க்கைக் கடித்துக்கொண்டு வசனம் பேசிப் பழகுவார்கள். கார்க்கை எடுத்த பிறகு ஒவ்வோர் எழுத்தும் கடைசி வரிசைவரை தெளிவாகப் போய்ச் சேரும். லைப்சிக் பள்ளியில் இன்னொரு நல்ல வழக்கம் இருக்கிறது. பிற்பாதிப் படிப்பு முழுவதையும் மாணவர்கள் சில நகர அரங்குகளிலேயே கழிக்கிறார்கள். தொழில்முறை நடிகர்களோடு சிறு வேடங்களில் நின்றபடியே படிப்பை முடிக்கிறார்கள்.

கடைசி ஆண்டில் வகுப்பு மாணவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, காட்சிகளைத் தொகுத்து, அரங்குகளின் தலைவர்கள் முன் நடித்துக் காட்டுவார்கள். அரங்கின் தலைவருக்கு இன்டென்டன்ட் என்று பெயர். எந்த நாடகம் போடுவது, யார் இயக்குவது, யாரைக் குழுவில் வைத்துக்கொள்வது எல்லாம் அவர் கையில். இந்தக் காட்சிக்கு இன்டென்டன்ட்டுகளும், நாடகத் தேர்வையும் பிரதியையும் கவனிக்கும் டிராமடர்க்குகளும் பல ஊர்களிலிருந்து வந்து உட்காருவார்கள். அரசின் வேலைவாய்ப்புத் துறையிலேயே கலைஞர்களுக்கென ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அதன் அலுவலர்களும் வந்து குறித்துக்கொண்டு போவார்கள். சில நாளில் தொலைபேசி வரும்: எங்கள் அரங்குக்கு வந்து இன்னொரு முறை நடித்துக் காட்டுங்கள். தனியார் பள்ளியில் பெரும்பணம் கட்டிப் படித்தவர்களுக்கு இந்த வாசல் அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. வேதனையான உண்மை இது; அந்தப் பள்ளிகள் தங்கள் விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை.

முதல் வேலை பெரும்பாலும் சிறிய நகரத்தில்தான். சில அரங்குகளின் பணியே சுற்றுவட்டார ஊர்களுக்கு நாடகத்தைக் கொண்டுபோவது. அவற்றில் சேர்ந்தவர் மாலையில் பேருந்தில் ஏறிப் போய், பள்ளிக்கூட மண்டபத்தில் நடித்துவிட்டு, நள்ளிரவில் திரும்புவார். நவம்பர், டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் தேவதைக் கதை. காலையில் குழந்தைகளுக்காக அடுத்தடுத்து இரண்டு காட்சிகள், இரவில் பெரியவர்களுக்கான நாடகத்தில் தூதுவனோ வேலைக்காரியோ. ஆந்தை வேடத்திலும் கரடி வேடத்திலும் ஐம்பது முறை நின்ற பிறகுதான் பலருக்கு முதல் பெரிய வேடம் கிடைக்கிறது. கூச்சலிடும் 600 குழந்தைகளைக் கட்டிப்போடக் கற்றவர் பிறகு எந்தப் பார்வையாளருக்கும் அஞ்சுவதில்லை என்று மூத்த நடிகர்கள் நம்புகிறார்கள். அது பொய்யல்ல.

சம்பளம் நெடுங்காலம் வெட்கக்கேடாக இருந்தது. நான்காண்டு உயர்கல்வி முடித்தவருக்கு 2018இல்தான் குறைந்தபட்ச மாத ஊதியம் 2,000 யூரோவைத் தொட்டது, அதுவும் வரிப் பிடித்தத்துக்கு முன். அதே கட்டடத்தில் வேலை செய்யும் இசைக்குழுவினர் இதைவிட மிக நல்ல ஊதியம் பெற்றார்கள். அவர்கள் சங்கம் வலுவானது. 2015இல் லிசா யோப்ட் என்ற நடிகையும் சில தோழர்களும் ‘ஆன்சாம்பிள் நெட்வெர்க்’ என்ற அமைப்பைத் தொடங்கி இந்த ஊதியத்தையும் வேலை நேரத்தையும் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். குறைகளை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று வாய் மூடியிருந்த தொழிலில் அது பெரிய துணிச்சல். 2021இல் யோப்ட் நடிகர் சங்கத்தின் தலைவரானார். 2023 ஜனவரியில் குறைந்தபட்ச ஊதியம் 2,715 யூரோவாக உயர்ந்தது.

வேலை நாள் இரண்டு துண்டாக இருக்கும். காலை 10 மணி முதல் மதியம் 2 வரை ஒத்திகை. மாலை 6 அல்லது 7 மணிக்கு மறுபடி ஒத்திகை, இல்லையென்றால் காட்சி. இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, குழந்தையைப் பார்த்து, வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். நாளைய ஒத்திகை எப்போது என்பது பல அரங்குகளில் இன்று மதியம்தான் தெரியவரும். அதனால் திருமணத்துக்கு நாள் குறிப்பதும் பல் மருத்துவரிடம் நேரம் வாங்குவதும்கூடச் சிக்கல். அரங்கு இருக்கும் ஊரிலேயே குடியிருக்க வேண்டும். வெளியூர் போக அனுமதி கேட்க வேண்டும்.

ஒரு நாடகத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஒத்திகை. முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரதியைப் படிப்பார்கள். பிறகு தரையில் நாடாவை ஒட்டிச் சுவரும் கதவும் இருக்கும் இடங்களைக் குறித்த ஒத்திகைக் கூடம். கடைசி வாரங்களில்தான் உண்மையான மேடை. வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பதற்கென்றே முழுநேர ஊழியர் ஒருவர் முன்வரிசையில் இருப்பார். அரங்கேற்றத்தன்று இடது தோளுக்கு மேலாக ‘டோய் டோய் டோய்’ என்று சொல்லி வாழ்த்துவார்கள். அதற்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் வாழ்த்து பலிக்காது என்பது நம்பிக்கை.

அரங்கேற்றத்தோடு நாடகம் முடிவதில்லை. ஒரு நாடகத்தைத் தொடர்ந்து மாதக்கணக்கில் போடும் வழக்கம் இங்கே இல்லை. திங்களன்று செகாவ், செவ்வாயன்று பிரெக்ட், புதனன்று ஒரு புதிய நாடகம் என்று மாறி மாறி வரும்; தினமும் பழைய அரங்கப்பொருளைக் கழற்றிப் புதியதைக் கட்டுவார்கள். நடிகர் ஐந்தாறு வேடங்களை ஒரே நேரத்தில் நினைவில் சுமக்கிறார். மூன்று வாரம் தொடாத வேடத்தில் திடீரென்று இன்றிரவு நிற்க வேண்டியிருக்கும். கடினம்தான், ஆனால் கலைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒரே வேடத்தை இருநூறு நாள் நடிப்பவருக்கு அது இயந்திரமாகிவிடும். மாற்றி மாற்றி நடிப்பவருக்கு ஒவ்வொரு முறையும் வேடம் புதிதாகக் கைக்கு வருகிறது. நகரத்து மக்களும் ஒரே நடிகரை ஆண்டுகணக்கில் பார்க்கிறார்கள். போன வாரம் அரசனாக அழுதவர் இந்த வாரம் கோமாளியாக வருகிறார். காலையில் ரொட்டிக் கடை வரிசையில் பக்கத்தில் நிற்கிறார்.

இந்த வாழ்க்கையின் அச்சம் அக்டோபர் மாதத்தில் வரும். நாடகப் பருவம் கோடை முடிவில் தொடங்கி அடுத்த கோடைவரை நீளும். நடிகரின் ஒப்பந்தம் ஓரிரு பருவங்களுக்குத்தான். அக்டோபர் 31க்குள் எந்தத் தரப்பும் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாக இன்னும் ஓராண்டு நீளும். நீட்ட விருப்பமில்லை என்றால் அந்தத் தேதிக்குள் இன்டென்டன்ட் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் நடிகரை அழைத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தவருக்கு இன்னும் முன்கூட்டியே, முந்தைய ஜூலை 31க்குள், சொல்லியாக வேண்டும். சொல்லப்படும் காரணம் எப்போதும் ‘கலை சார்ந்தது’. நடிகர் திறமையில்லாதவர் என்று இதற்குப் பொருளில்லை; இன்டென்டன்ட் வேறொரு முகத்தை, வேறொரு குரலை விரும்புகிறார், அவ்வளவுதான். கலைச் சுதந்திரத்துக்கு அரசியல் சட்டமே காவல் நிற்பதால் நீதிமன்றங்களும் இந்தத் தீர்ப்புக்குள் நுழையத் தயங்குகின்றன.

ஒரே அரங்கில் 15 ஆண்டு முடித்தவரை இப்படி அனுப்ப முடியாது. இந்தப் பாதுகாப்பே பலருக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. பதினைந்தாம் ஆண்டு நெருங்கும்போது, இனி இவரை எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டுமே என்று அஞ்சும் நிர்வாகம் அதற்கு முன்பே கடிதம் கொடுத்துவிடுகிறது. அப்போது நடிகருக்கு வயது 40ஐத் தாண்டியிருக்கும். குழந்தைகள் அந்த ஊர்ப் பள்ளியில் படிப்பார்கள். புதிய அரங்குகளோ, குறைந்த சம்பளத்துக்கு வரும் இளைஞர்களைத் தேடும். இந்தத் தொழிலின் மிகக் கொடிய இடம் இதுதான், கலையின் பெயரால் இதை நியாயப்படுத்துவது கடினம்.

இன்டென்டன்ட் மாறும்போது கடிதங்கள் மொத்தமாக வரும். புதியவர் தமக்குப் பழக்கமான நடிகர்களோடு வருவார். இருப்பவர்களில் பாதிக்கு மேல் பெட்டி கட்டவேண்டியிருக்கும். ஆனால் இதே வழக்கம் கலையில் நல்லதும் செய்திருக்கிறது. பிரேமன் நகர அரங்கில் ஒன்றாக வேலை செய்த இயக்குநர் பீட்டர் ஷ்டைன், நடிகர்கள் புரூனோ கான்ஸ், யூட்டா லாம்ப, எடித் கிளேவர் ஆகியோர் 1970இல் பெர்லின் ஷவ்பூன அரங்கில் கூடினார்கள். நாடகத் தேர்விலிருந்து நிர்வாகம்வரை நடிகருக்கும் குரல் உண்டு என்ற விதியோடு அவர்கள் உருவாக்கிய படைப்புகள் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டன. மியூனிக் காமர்ஷ்பீலே அரங்கை நெடுங்காலம் நடத்திய டீட்டர் டோர்ன் 2001இல் அதே நகரின் ரெசிடென்ஸ் அரங்குக்கு மாறியபோது அவருடைய நடிகர்களில் பெரும்பாலோர் கூடவே போனார்கள். அவர்களில் ஒருவர் 1972இல் வீஸ்பாடனில் பிறந்த யென்ஸ் ஹார்ட்ஸர். பிறகு 2009இல் அவர் ஹாம்பர்கின் தாலியா அரங்கில் சேர்ந்தார்.

அரங்கே மூடப்பட்டால் யாரைப் பின்தொடர்வது? நாடு ஒன்றான பிறகு பணத்தட்டுப்பாட்டில் திணறிய பெர்லின் மாநகர அரசு, 1993இல் ஷில்லர் அரங்கை மூடியது. மேற்கு பெர்லினின் மிகப் பெரிய நாடக அரங்கு அது. நாடு முழுவதும் நடிகர்கள் கண்டித்தும் முடிவு மாறவில்லை. அத்தனை பெரிய குழு ஒரே நாளில் கலைந்தது.

இந்தப் பாதையின் மேடு பள்ளங்கள் அனைத்தையும் ஒருவர் வாழ்க்கையிலேயே பார்க்க வேண்டுமானால் உல்ரிஷ் மியூஹேயைப் பார்க்கலாம். 1953இல் கிழக்கு ஜெர்மனியின் கிரிம்மா என்ற சிறு நகரில், தோலாடை தைப்பவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப்படிப்போடு கட்டட வேலையும் பயின்றார். கட்டாய ராணுவ சேவையில் அவருக்கு வாய்த்த இடம் பெர்லின் சுவர். அங்கே காவல் நின்ற இளைஞர் வயிற்றில் புண் வந்ததால் விடுவிக்கப்பட்டார். 1975 முதல் 1979 வரை லைப்சிக் நாடகப் பள்ளியில் படித்தார். ஒன்றரைக் கோடிச் சொச்சம் மக்களே வாழ்ந்த கிழக்கு ஜெர்மனியில் அறுபதுக்கும் மேற்பட்ட அரங்குகள் இருந்தன. படித்து வந்தவருக்கு வேலை நிச்சயம். அவர் போனது கார்ல் மார்க்ஸ் நகருக்கு. இன்று அதன் பெயர் கெம்னிட்ஸ், தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்.

மூன்றாண்டு அங்கே உழைத்தவரை நாடகாசிரியர் ஹைனர் முல்லர் கண்டுகொண்டார். 1982இல் பெர்லின் ஃபோல்க்ஸ்பூன அரங்கில் தாம் இயக்கிய ‘மக்பெத்’ நாடகத்துக்கு அவரை அழைத்துவந்தார். அடுத்த ஆண்டே அந்நாட்டின் முதல் மேடையான டாய்ச்சஸ் தியேட்டர் அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டது. இப்சனின் ‘பேய்கள்’ நாடகத்தில் நோயுற்ற மகன் ஆஸ்வால்ட், கெதேயின் எக்மன்ட், லெஸ்ஸிங்கின் ஃபிலோட்டாஸ் என்று ஒவ்வொரு வேடமாக வளர்ந்து, முப்பத்தைந்து வயதுக்குள் கிழக்கு ஜெர்மனியின் முன்னணி நடிகரானார். மெலிந்த உருவம், பெரிய கண்கள், அடக்கிய குரல். உரக்கப் பேசாமலேயே அரங்கைத் தன் பக்கம் இழுத்தவர் அவர்.

1989 இலையுதிர்காலத்தில் அவர் ஹாம்லெட் வேடத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகத்துக்குள் தம்முடைய ‘ஹாம்லெட் இயந்திரம்’ என்ற குறுநாடகத்தையும் நுழைத்து ஹைனர் முல்லர் இயக்கினார். வெளியே தெருக்களில் மக்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். ஆட்சியால் சிறையிலிடப்பட்டுப் பழிக்கப்பட்ட பதிப்பாளர் வால்டர் யாங்காவின் நினைவுக் குறிப்புகளை மியூஹே அக்டோபர் 28 அன்று டாய்ச்சஸ் தியேட்டர் மேடையில் வாசித்தார். நாட்டுக்குள் யாரும் உரக்கச் சொல்லத் துணியாத வரலாறு அது. பெர்லின் நாடகக் கலைஞர்கள் சேர்ந்து அனுமதி கேட்டு, நவம்பர் 4 அன்று அலெக்ஸாண்டர் சதுக்கத்தில் பெருங்கூட்டம் நடத்தினார்கள். சில லட்சம் பேர் திரண்டார்கள். மியூஹேயும் பிரெக்டின் பேத்தியான நடிகை யோஹன்னா ஷாலும் மேடையேறி, பேச்சுரிமையும் கூடும் உரிமையும் பற்றி அந்நாட்டு அரசியல் சட்டத்தில் எழுதியிருந்ததையே படித்துக் காட்டினார்கள். ஐந்து நாளில் சுவர் திறந்தது. ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடிய அந்த ஹாம்லெட் 1990 மார்ச் 24 அன்று அரங்கேறியபோது, முதல் சுதந்திரத் தேர்தல் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஒத்திகை தொடங்கியபோது இருந்த நாடு அரங்கேற்றத்தன்று கலைந்துகொண்டிருந்தது. அழுகிப்போன அரசொன்றைப் பற்றிய நாடகத்துக்கு வரலாறு தானாகவே வந்து பின்னணி அமைத்துக்கொடுத்த அபூர்வமான நிகழ்வு அது.

அதன்பின் மியூஹே நிரந்தரக் குழுவிலிருந்து விலகினார். வியன்னாவின் பர்க் தியேட்டரிலும் சால்ஸ்பர்க் விழாவிலும் விருந்து நடிகராக நின்றார். மைக்கேல் ஹானெகவின் ‘ஃபன்னி கேம்ஸ்’ உள்ளிட்ட படங்களில் நடித்தார். 1998 முதல் ‘கடைசிச் சாட்சி’ என்ற தொலைக்காட்சித் தொடரில் பிணக்கூறாய்வு மருத்துவராக வந்து வீடுதோறும் அறிமுகமானார். மேடையை விடவில்லை, 2005இல் பெர்லின் ஷவ்பூனவில் சாரா கேனின் கடும் நாடகமொன்றில் நடித்தார். 2006இல் வந்த ‘பிறரின் வாழ்வு’ படத்தில் அவர் ஏற்றது, ஒரு நாடகாசிரியரின் வீட்டை ஒட்டுக்கேட்கும் ரகசியப் போலீஸ் அதிகாரி வேடம். படத்தில் பெரும்பகுதி அவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேச்சு மிகக் குறைவு. எதிரில் நிற்பவரின் சொல்லைக் கேட்பதுதான் நடிப்பு என்று குழு நாடகம் கற்பித்த பாடத்தை அந்த முகத்தில் பார்க்கலாம். அந்த ஆண்டின் சிறந்த ஐரோப்பிய நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 பிப்ரவரியில் படம் ஆஸ்கார் வென்றது. அதே ஆண்டு ஜூலையில் வயிற்றுப் புற்றுநோயால் 54 வயதில் இறந்தார்.

குழுவில் இருந்துகொண்டே படத்தில் நடிப்பது எளிதல்ல. இன்டென்டன்ட் விடுப்புக் கொடுக்க வேண்டும், காட்சித் தேதிகள் ஒத்துவர வேண்டும். அதனால் பெயர் வாங்கிய பலர் நடுவயதில் தனியாளாகிறார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் தனி ஒப்பந்தம், ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை, மற்ற நாளில் வானொலி நாடகம், வெளிநாட்டுப் படங்களுக்கு ஜெர்மன் குரல், தொலைக்காட்சி. நன்றாக ஓடும்வரை இது நல்ல வருமானம். 2020இல் கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டபோது குழு நடிகர்களுக்கு அரசின் குறுநேர வேலை உதவியோடு சம்பளத்தில் பெரும்பங்கு வந்தது. தனி நடிகர்களில் பலருக்கு ஒரே வாரத்தில் எல்லாம் நின்றுபோனது.

நடிகையருக்குப் பாதை இன்னும் குறுகலானது. ஷேக்ஸ்பியரும் ஷில்லரும் எழுதிய வேடங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்கு. குழுக்களும் அந்தக் கணக்கிலேயே அமைக்கப்பட்டன. காதலி வேடத்துக்கும் பாட்டி வேடத்துக்கும் இடையில் ஒரு நீண்ட வறட்சி. மாலை ஒத்திகையும் இரவுக் காட்சியும் குழந்தை வளர்ப்போடு மோதுகின்றன. இது இப்போது கொஞ்சம் மாறிவருகிறது. ‘எர்ன்ஸ்ட் புஷ்’ பள்ளியில் படித்து, யேனா, லைப்சிக், பாசல் என்று சிறிய, நடுத்தர மேடைகளில் வளர்ந்தவர் சாண்ட்ரா ஹூலர். 2019இல் போஹும் நகர அரங்கில் அவர் ஹாம்லெட் இளவரசனாகவே நடித்தார். 2023இல் ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ படம் அவரை உலகறியச் செய்தபோது, ஜெர்மன் நாடக ரசிகர்களுக்கு அவர் இருபதாண்டுப் பழக்கம்.

மேடை தரும் பெருமைகள் சில. 1964 முதல் பெர்லினில் மே மாதம் கூடும் நாடக விழாவுக்கு மூன்று நாடுகளின் மேடைகளிலிருந்தும் பத்துப் படைப்புகளை விமர்சகர் குழு தேர்கிறது. ‘தியேட்டர் ஹாய்டே’ இதழ் ஆண்டுதோறும் விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு ஆண்டின் நடிகரையும் நடிகையையும் அறிவிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலானது இஃப்லாண்ட் மோதிரம். வைரங்கள் சூழ, இஃப்லாண்டின் உருவம் பொறித்த அதை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அணியலாம். தமக்குப் பின் யார் என்பதை அவரே எழுதி மூடி வைத்துவிட்டுப் போக வேண்டும். நெடுங்காலம் அதை வைத்திருந்த ஆல்பர்ட் பாசர்மன், 1935இல் இறந்த அலெக்ஸாண்டர் மொய்சியின் சவப்பெட்டியில் அதை வைத்தார். பின்னர் அது எடுத்துப் பாதுகாக்கப்பட்டது. வெர்னர் கிராஸ், யோசஃப் மைன்ராட் ஆகியோருக்குப் பின் 1996இல் புரூனோ கான்ஸிடம் வந்தது. 2019இல் கான்ஸ் இறந்தபோது அவர் எழுதி வைத்திருந்த பெயர், டோர்னோடு அரங்கு மாறிப்போன அதே யென்ஸ் ஹார்ட்ஸர்.

முதுமையில் சம்பளக் குழுவில் ஓரிரு இடங்களே இருக்கும். நீண்ட காலம் உழைத்தவருக்கு அரங்கு ‘மதிப்புறு உறுப்பினர்’ பட்டம் தரும். லியர் மன்னன் வேடத்துக்கோ வயதான தாய் வேடத்துக்கோ மறுபடி அழைக்கும். பொது ஓய்வூதியத்தோடு, மேடைக் கலைஞர்களுக்கென்றே கட்டாயமாகப் பிடித்த தொகையிலிருந்து கூடுதல் ஓய்வூதியமும் வரும். சிறிய சம்பளங்களிலேயே வாழ்ந்தவருக்கு இரண்டும் சேர்ந்தும் அதிகமிராது. அந்தக் கவலை பழையது. 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற நடிகை மரி ஸேபாக், மகன் ஆஸ்கர் இறந்த பிறகு, தம் செல்வத்தை வைத்து வயதான மேடைக் கலைஞர்களுக்கென வைமார் நகரில் ஓர் இல்லம் அமைத்தார். 1895இல் திறந்த அந்த இல்லம் இரண்டு உலகப்போர்களையும் நாட்டின் பிரிவினையையும் கடந்து இன்றும் நடக்கிறது. மற்ற முதியோரும் இப்போது அங்கே தங்கலாம். மேடையிலிருந்து ஓய்வுபெற்று வருபவர்களுக்கும் அங்கே தொடர்ந்து இடமிருக்கிறது.